'எர்த்' எனும் ஒற்றைச் சொல்

"எர்த் முள்ளை எடுத்துவிடுங்கள், ஹம் நின்றுவிடும்." வீட்டில் ஓரளவு நல்ல ஒலியமைப்பை நிறுவ முயன்ற எவரும், தில்லியாயினும் புணேயாயினும் கொல்கத்தாவாயினும், இந்த அறிவுரையை ஒருமுறையேனும் கேட்டிருப்பர். கடைக்காரர் சொல்வார், விடுதியில் அடுத்த அறையில் இருப்பவர் சொல்வார், மின்னணுவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர்கூடச் சொல்வார். இதன் கேடு இது பொய் என்பதில் இல்லை; பலிக்கிறது என்பதில் இருக்கிறது. முள்ளை எடுத்தவுடன் ஒலிபெருக்கியின் அடியில் ஓயாது கிடந்த அந்த உறுமல் உண்மையாகவே அடங்கிவிடும். அடங்கியபின் மேசைமேல் எஞ்சுவது 230 வோல்ட்டில் இயங்கும், உலோக உடல் கொண்ட, பாதுகாப்பு நீக்கப்பட்ட ஒரு பெட்டி.

இதை அறியாமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் இந்த அறிவுரையைச் சொல்பவர் பலருக்கும் மின்சுற்று தெரியும். தெரிந்தும் சொல்கிறார்கள் என்றால், தவறு அவர்கள் கையாளும் சொல்லிலேயே தொடங்குகிறது. 'எர்த்' என்றும் 'கிரவுண்ட்' என்றும் மாற்றி மாற்றி வழங்கப்படும் அச்சொல் மூன்று வெவ்வேறு பொருள்களைச் சுமக்கிறது. அதன் இணைபிரியாத் தோழனாகிய 'பேலன்ஸ்டு' என்ற சொல்லும் அவ்வாறே. பலபொருள் குறித்த ஒருசொல் என்று இலக்கணநூலார் அமைதியாக வகைப்படுத்திவிட்டுப் போகும் இந்நிகழ்வு, மின்கம்பிக்குள் நுழையும்போது அவ்வளவு அமைதியாக இருப்பதில்லை.

முதலில் உறுமல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இன்றைய வீடுகளில் இரு வகைக் கருவிகள் கலந்தே இருக்கின்றன. பழைய சிடி பிளேயர், தொலைக்காட்சி, கேசட் டெக் ஆகியவை ஆர்சிஏ இணைப்பைக் கொண்டவை. புதிதாக வாங்கப்படும் டிஏசிகளும் ஸ்டூடியோ ஒலிபெருக்கிகளும் மூன்று முனை கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்போடு வருகின்றன. முன்னது சிங்கிள்-எண்டடு, பின்னது பேலன்ஸ்டு.

ஆர்சிஏ இணைப்பு 1930களில் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் வானொலிப்பெட்டியோடு இசைத்தட்டுக் கருவியை இணைக்க உருவாக்கியது. இரண்டும் ஒரே மரப்பெட்டிக்குள், ஒரே மின்வழங்கலில், ஓரடித் தொலைவில் இருந்தன. அங்கே அது போதுமானது. அதில் இரண்டே கடத்திகள்: நடுவே ஊசி, சுற்றிலும் உறை. அந்த உறை இரண்டு வேலைகளைச் செய்கிறது; வெளிக்குறுக்கீட்டைத் தடுக்கும் கவசமும் அதுவே, சமிக்ஞை திரும்பிவரும் பாதையும் அதுவே. சிக்கல் முழுவதும் இந்த இரட்டை வேலையில் இருக்கிறது.

மூன்று முள் பிளக் கொண்ட ஏறத்தாழ எல்லா நவீனக் கருவிகளிலும் மின்வழிக்கும் உலோக உடலுக்கும் இடையே சிறு மின்தேக்கிகள் உண்டு. அவற்றின் வழியாக எப்போதும் சிறிதளவு மின்னோட்டம் கசிந்து எர்த் கம்பிக்குள் இறங்கும். எர்த் இல்லாத சுவர்ப்புள்ளியில் கணினியைச் செருகி அதன் உலோகப் பகுதியைத் தடவினால் விரல் நுனியில் ஒரு கூச்சம் தெரியும். இந்திய விடுதிகளில் வாழ்ந்தவர் அனைவரும் அறிந்த அந்தக் கூச்சம் இந்தக் கசிவுதான். இரு கருவிகள் இரு வெவ்வேறு சுவர்ப்புள்ளிகளில் செருகப்பட்டால், அவற்றின் உடல்களுக்கிடையே சிறியதொரு மின்னழுத்த வேறுபாடு பிறக்கும். அவற்றை ஆர்சிஏ கம்பியால் இணைத்தால் அந்த வேறுபாடு கம்பியின் உறைவழியே மின்னோட்டத்தைச் செலுத்தும். உறையும் இணைப்பு முனைகளும் சேர்ந்து 0.1 ஓம் மின்தடை கொண்டவை என்றும், ஓடுவது 1 மில்லி ஆம்பியர் என்றும் கொள்வோம். உறையின் இரு முனைகளுக்கிடையே 0.1 மில்லி வோல்ட் தோன்றும். உறை சமிக்ஞையின் திரும்புபாதையும் ஆதலால் அந்த 0.1 மில்லி வோல்ட் இசையோடு அப்படியே கூட்டப்படும். வீட்டுக்கருவிகளின் வழக்கமான அளவாகிய 0.316 வோல்ட்டோடு ஒப்பிட்டால் இரைச்சல் 70 டெசிபெல் மட்டுமே கீழே நிற்கிறது. 120 டெசிபெல் தூய்மை என்று பெட்டியில் அச்சிட்டு விற்கப்படும் கருவியின் பெருமை ஓரடிக் கம்பியில் கரைந்துபோவது இப்படித்தான்.

இப்போது அந்த அறிவுரைக்குத் திரும்பலாம். ஒரு கருவியின் எர்த் முள்ளை எடுத்துவிட்டால் சுவர்வழிப் பாதை அறுந்து வளையம் உடைகிறது, உறைவழி ஓடிய மின்னோட்டம் பெருமளவு குறைகிறது, உறுமல் அடங்குகிறது. "எர்த்தில்தான் கோளாறு, எர்த்தை எடுத்தோம், சரியாயிற்று" என்ற முடிவுக்கு வர இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் எடுக்கப்பட்டது எந்த எர்த்?

சுவரிலிருந்து வரும் பச்சைக் கம்பி பாதுகாப்பு எர்த். கருவிக்குள் மின்காப்பு பழுதாகி 230 வோல்ட் உலோக உடலைத் தொட்டால், பெரும் மின்னோட்டம் அக்கம்பி வழியே பாய்ந்து எம்சிபியை விழச் செய்ய வேண்டும். அதன் ஒரே கடமை அது. இரண்டாவது, கருவியின் உலோக உடல். குறுக்கீட்டை வாங்கிக்கொள்ளும் உறை. மூன்றாவது, சுற்றுக்குள் எல்லா மின்னழுத்தங்களையும் அளக்கத் தொடங்கும் சுழியப் புள்ளி. அது ஓர் ஒப்பீட்டு வசதி, மண்ணோடு அதற்குத் தொடர்பே தேவையில்லை. கைப்பேசிக்குள்ளும் 'கிரவுண்ட்' உண்டு. கைப்பேசியை எவரும் மண்ணில் புதைப்பதில்லை. உறுமல் பிறந்தது இரண்டாவதும் மூன்றாவதும் ஆர்சிஏ உறையில் ஒன்றாகக் கலந்ததால். வெட்டப்பட்டதோ முதலாவது. மூன்றுக்கும் ஒரே பெயர் இருந்தபடியால் வெட்டியவருக்கு அது தவறாகத் தோன்றவில்லை.

(வடஇந்தியாவில் இதற்கு இன்னொரு சுவை உண்டு. இந்தியில் 'எர்த்' பெரும்பாலும் 'அர்த்' என்றே எழுதப்படுகிறது. 'பொருள்' என்பதற்கான சொல்லின் எழுத்துக்கூட்டும் அதுவே. அங்கே எர்த்தை வெட்டுபவர் பொருளை வெட்டுகிறார் என்பது எழுத்தளவிலேயே உண்மை.)

வெட்டியபின் என்ன நேரும்? ஒன்றும் நேராமல் ஆண்டுகள் கழியலாம். அதுதான் இத்தவறை இவ்வளவு காலம் வாழவைத்திருக்கிறது. ஆனால் என்றேனும் ஒருநாள் உள்ளே மின்காப்பு பழுதானால், உடலுக்குள் இறங்கிய 230 வோல்ட்டுக்கு மண்ணை அடைய எஞ்சியிருக்கும் ஒரே பாதை அந்த ஆர்சிஏ கம்பியின் மெல்லிய உறை. அது கருகி அறுந்தால் பெட்டி முழு மின்னழுத்தத்தில் காத்திருக்கும். அறுக்காமல் நின்றால், இணைந்துள்ள மற்றக் கருவியின் சுற்றுப்பலகை வழியாகப் பழுது மின்னோட்டம் பாயும். ஒருவர் அப்பெட்டியையும் ஈரத்தரையையும் ஒருசேரத் தொட்டால், உடலின் மின்தடையை 1,500 ஓம் என்று கொண்டாலும் 150 மில்லி ஆம்பியர் அவர்வழியே ஓடும். இதயத்தின் துடிப்பைக் குலைக்க அது தாராளம். 6 ஆம்பியர் எம்சிபிக்கோ அது ஒரு சிறு விளக்கு எரிவதற்குச் சமம், அசையாது. 30 மில்லி ஆம்பியர் கசிவில் அறுக்கும் ஆர்சிசிபி வீட்டில் இருந்தால் காப்பாற்றும். எத்தனை வாடகை வீடுகளில் அது இருக்கிறது? இந்தியத் தரநிலை ஐஎஸ் 1293 வகுத்த மூன்று முள் பிளக்கை எடுத்துப் பார்த்தாலே போதும்: எர்த் முள் மற்ற இரண்டைவிட நீளமும் பருமனும் கொண்டது. செருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காக. அந்த முள்ளைத்தான் இரம்பம் கொண்டு அறுக்கிறார்கள்.

இனி இரண்டாவது சொல். உறுமலுக்கு வெட்டுவதைவிட மதிப்புக்குரிய தீர்வாகக் கடைகள் முன்வைப்பது 'எல்லாவற்றையும் பேலன்ஸ்டு ஆக்கிவிடுங்கள்' என்பது. கேட்பவர் பேலன்ஸ்டு என்றால் என்ன என்று வினவினால், "ஒரே சமிக்ஞையை நேராகவும் தலைகீழாகவும் இரு கம்பிகளில் அனுப்புகிறார்கள், மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் போய்விடுகிறது" என்ற விடை கிடைக்கும். விளக்கப்படங்கள் அப்படித்தான் வரைகின்றன. பாடப்புத்தகங்கள் சிலவும் அப்படித்தான் எழுதுகின்றன. இந்த விடையின் முதற்பாதி தவறு. இரைச்சலை நீக்குவதற்குத் தலைகீழ்ச் சமிக்ஞை தேவையே இல்லை. ஒரு கம்பியில் மட்டும் சமிக்ஞையை அனுப்பிவிட்டு, மற்றதை அதே அளவு மின்னெதிர்ப்பு வழியாகச் சுழியப் புள்ளியோடு இணைத்துவிட்டாலும் இரைச்சல் நீக்கம் சிறிதும் குறைவதில்லை. அவ்வாறு இயங்கும் தொழில்முறைக் கருவிகள் நிறையவே உண்டு. இணைப்பைப் பேலன்ஸ்டு ஆக்குவது இரு கம்பிகளும் அவற்றோடு இணைந்த யாவும் சுழியப் புள்ளிக்குக் காட்டும் மின்னெதிர்ப்பு, இம்பீடன்ஸ், சமமாக இருப்பது ஒன்றே. அப்போது வெளிக்குறுக்கீடு இரு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறும். வேறுபாட்டை மட்டும் எடுக்கும் பெறுமுனைக்கு அது தெரியாமற் போகும். பில் விட்லாக் 1995 சூனில் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் இதழில் இதை ஐயத்துக்கிடமின்றி எழுதினார். முப்பதாண்டுகள் கடந்தபின்னும் கடைவீதி அதைக் காதில் வாங்கவில்லை.

தமிழ்வழியில் இயற்பியல் பயின்றவர்க்கு இது புரிய விட்லாக்கே தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நான்கு மின்தடைகளும் ஒரு கால்வனாமீட்டரும் கொண்டு கற்ற அந்தச் சுற்றுக்குப் பெயர் வீட்ஸ்டோன் சமனச்சுற்று. ஆங்கிலம் அதைப் 'பாலம்' என்று அதன் வடிவத்தால் அழைத்தது. தமிழ்ப் பாடநூலோ 'சமனம்' என்று அதன் செயலால் அழைத்தது. நான்கு கரங்களின் விகிதம் சமமானால் நடுவே மின்னோட்டம் இல்லை. பேலன்ஸ்டு ஒலியிணைப்பு அந்தச் சமனச்சுற்றேதான்: அனுப்பும் கருவியின் இரு வெளியீட்டு மின்னெதிர்ப்புகள் இரு கரங்கள், வாங்கும் கருவியின் இரு உள்ளீட்டு மின்னெதிர்ப்புகள் மற்ற இரண்டு, குறுக்கீடு மின்கலத்தின் இடத்தில், பெறும் பெருக்கி கால்வனாமீட்டரின் இடத்தில். கலைச்சொல் ஆக்கியவர்கள் மீது எப்போதும் குறைசொல்லும் நம் கல்விப்புலம், ஒருமுறையேனும் மூலமொழியை விஞ்சிய இந்தச் சொல்லை மறந்துவிட்டு 'பேலன்ஸ்டு கேபிள்' என்பதன் பொருளைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இங்கே மின்னணுவியல் துறைகளும் கணக்குக் கொடுக்க வேண்டியவை. 741 என்ற ஆப்-ஆம்பை வைத்து வேறுபாட்டுப் பெருக்கி கட்டாத இந்திய மின்னணுவியல் மாணவர் இல்லை. அதன் பொதுமுறைத் தள்ளுபடி விகிதம் 90 டெசிபெல் என்று தரவுத்தாளிலிருந்து எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். ஆனால் சுற்றில் சேர்த்த நான்கு மின்தடைகளும் ஒவ்வொன்றும் 1 சதவீதப் பிழை கொண்டவையாயின், ஓரலகுப் பெருக்கத்தில் மிக மோசமான நிலையில் அந்த 90 டெசிபெல் 34 டெசிபெல்லாக வீழ்ந்துவிடும். ஆப்-ஆம்ப் எவ்வளவு உயர்ந்ததாயினும் பயனில்லை. சமனம் கரங்களில் இருக்கிறது. மின்தடைகள் முற்றும் துல்லியமானவை என்றே கொண்டாலும், அனுப்பும் கருவியின் இரு கால்களுக்கிடையே 10 ஓம் வேறுபாடு இருந்து, வாங்கும் கருவியின் ஒவ்வொரு காலும் 20,000 ஓம் காட்டினால், எல்லை 66 டெசிபெல். சமமான மூலத்தை வைத்தே சோதித்துப் பெரிய எண்களை அச்சிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஐஇசி 60268-3 தரநிலை 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் 10 ஓம் வேறுபாட்டோடு அளக்கச் சொன்னது. நல்ல உள்ளீட்டு மின்மாற்றி ஒன்று 50 ஹெர்ட்ஸில் பல மெகா ஓம் காட்டும். அந்த 10 ஓம் அதற்கு ஒரு பொருட்டே அன்று. எக்ஸ்எல்ஆர் துளை இருப்பதும் சமனம் இருப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

துளைக்குப் பின்னால் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. எக்ஸ்எல்ஆரின் 1ஆம் முனை கவசத்துக்குரியது; அது கருவியின் உலோக உடலில் முடிய வேண்டும். பல கருவிகளில் அது சுற்றுப்பலகையின் சுழியப் புள்ளிக்குச் சென்றுவிடுகிறது. அதாவது கவசத்தில் வந்த குப்பை வீட்டின் நடுக்கூடத்தில் கொட்டப்படுகிறது. 1995இல் நீல் மன்சி இதற்கு '1ஆம் முனைச் சிக்கல்' என்று பெயரிட்டார். 2005இல் ஏஇஎஸ் 48 தரநிலை கவசம் உடலோடு சேர வேண்டும் என்று எழுதிவைத்தது. மீண்டும் அதே கதை: உடலும் சுழியப் புள்ளியும் இரண்டும் 'கிரவுண்ட்' என்று அழைக்கப்பட்டதால் வரைபடத்தில் ஒரே குறியீட்டைப் பெற்று ஒரே செம்பில் முடிந்தன.

விற்பனையாளரின் வலுவான வாதம் செவி. "இரண்டையும் கேட்டுப் பாருங்கள், பேலன்ஸ்டு எவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறது" என்பார். இருக்கும். வீட்டு டிஏசிகள் பெரும்பாலும் ஆர்சிஏ வழியே 2 வோல்ட்டும் எக்ஸ்எல்ஆர் வழியே 4 வோல்ட்டும் தருகின்றன; அது 6 டெசிபெல் அதிகம். தொழில்முறை அளவும் வீட்டு அளவும் எதிரெதிரே நின்றால் இடைவெளி ஏறத்தாழ 12 டெசிபெல். உரத்து ஒலிப்பது செவிக்கு நன்றாக ஒலிப்பதாகவே தோன்றும் என்பது ஒலியியலில் முதற்பருவப் பாடம். அளவைச் சமப்படுத்தாமல் நடத்தப்படும் ஒப்பீட்டை எந்த ஆய்வேட்டுக் குழுவும் ஏற்காது. ஆனால் அக்குழுவின் உறுப்பினரே சனிக்கிழமை மாலை அந்த ஒப்பீட்டை நம்பி, ஒரு மாத ஆய்வு உதவித்தொகையை விழுங்கக்கூடிய கம்பியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

ஹெட்ஃபோனுக்கு வரும்போது சொல் முற்றிலும் தடம்புரள்கிறது. 'பேலன்ஸ்டு ஹெட்ஃபோன்' என்பதில் சமனமும் இல்லை, இரைச்சல் நீக்கமும் இல்லை. அங்கே ஒவ்வொரு செவிக்கும் இரண்டு பெருக்கிகள், எதிரெதிர்த் திசையில். இது பிரிட்ஜ் முறை, மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்குவதற்கானது. மோசமான முறை அன்று, ஆனால் வேறு முறை. பெயரை நம்பி, 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு வெளியீட்டில் ஒரு மாற்றியைப் பொருத்தி மூன்று கடத்திகள் மட்டுமே கொண்ட சாதாரண ஹெட்ஃபோனைச் செருகுபவர், இடப்பக்க எதிர்முனையையும் வலப்பக்க எதிர்முனையையும் ஒன்றோடொன்று முட்டவிடுகிறார். இரண்டுமே உயிருள்ள பெருக்கி வெளியீடுகள். பெருக்கி தன்னைக் காத்துக்கொள்ளும் சுற்று உடையதாயின் பிழைக்கும். எதிர்த்திசை மாற்றியில், அதாவது சாதாரண வெளியீட்டில் பேலன்ஸ்டு ஹெட்ஃபோனைச் செருகுவதில், தீங்கு எதுவும் இல்லை. இரு மாற்றிகளும் ஒரே கண்ணாடிப் பேழையில், ஒரே உறையில் தொங்குகின்றன. மேசைமேல் வைக்கும் சிறு கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபையர்களின் கறுப்பு முனையும் இத்தகையதே. பல மாதிரிகளில் அது கிரவுண்ட் அன்று, கறுப்பு வண்ணம் பூசிய இன்னொரு வெளியீடு.

கலவை வீட்டில் எது செய்யத் தக்கது? ஆர்சிஏ வெளியீட்டிலிருந்து எக்ஸ்எல்ஆர் உள்ளீட்டுக்குச் செல்லும்போது கடைகளில் கிடைக்கும் மாற்றி எக்ஸ்எல்ஆரின் 1ஆம் 3ஆம் முனைகளைத் தனக்குள்ளேயே சேர்த்துவிடுகிறது. சேர்ந்த நொடியில் உள்ளீட்டின் சமனம் வீணாகிறது. கவசத்தில் ஓடும் மின்னோட்டம் பழையபடி இசையில் கலக்கிறது. விலையுயர்ந்த பேலன்ஸ்டு உள்ளீட்டை வாங்கி அதைச் சிங்கிள்-எண்டடு ஆக்கிப் பூட்டுவது இதுதான். அதற்கு மாறாக, கவசத்துக்குள் இரு கம்பிகள் கொண்ட கேபிளை எடுத்து, ஆர்சிஏ ஊசியை ஒரு கம்பியால் 2ஆம் முனைக்கும், ஆர்சிஏ உறையை மற்றக் கம்பியால் 3ஆம் முனைக்கும், கவசத்தை 1ஆம் முனைக்கும் கொண்டுபோக வேண்டும். உறையும் கவசமும் சந்திப்பது ஆர்சிஏ முனையில் மட்டும். இப்போது இரைச்சல் மின்னோட்டம் கவசத்தில் தனியே ஓடும். சமிக்ஞையின் திரும்புபாதை தூய்மையாகத் தனித்திருக்கும். அனுப்பும் கருவியின் மின்னெதிர்ப்பு 600 ஓம் என்றாலும் 30 டெசிபெல் ஆதாயம் உண்டு. மேலே கணக்கிட்ட 70 டெசிபெல் 100 ஆகிறது. இதற்குத் தேவையான பொருள்கள் மும்பையின் லேமிங்டன் சாலையிலும், பெங்களூரின் எஸ்.பி. சாலையிலும், ஐதராபாத்தின் கோட்டியிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தேவைப்படுவது ஒரு சால்டரிங் கருவியும் அரைமணி நேரமும்.

எதிர்த்திசையில் கதை சிக்கலாகிறது. இங்கேதான் உற்பத்தியாளர்களின் மௌனம் மன்னிக்க முடியாதது. எக்ஸ்எல்ஆர் வெளியீட்டிலிருந்து ஆர்சிஏ உள்ளீட்டுக்குப் போகையில் 3ஆம் முனையை என்ன செய்வது என்பது வெளியீட்டின் உள்ளமைப்பைப் பொறுத்தது. மின்மாற்றி வெளியீடாயின் 3ஆம் முனையை உறையோடு சேர்த்தே ஆக வேண்டும். தொங்கவிட்டால் சுற்று முழுமையடையாமல் ஒலி மெலியும். ஒன்றையொன்று நோக்கித் திருத்திக்கொள்ளும் இரட்டைப் பெருக்கி வெளியீடாயின் அதையும் சேர்க்க வேண்டும், அதுவும் அனுப்பும் முனையிலேயே. இரு எளிய ஆப்-ஆம்புகள் கொண்ட வெளியீடாயின் 3ஆம் முனையைத் தொடவே கூடாது. சேர்த்தால் ஓர் ஆப்-ஆம்ப் ஓயாமல் குறுக்குச்சுற்றில் ஓடி வெம்மையாகும், அதன் துண்டிக்கப்பட்ட அலையின் எச்சம் சுழியப் புள்ளி வழியாக நல்ல காலுக்கும் தொற்றும். ஒரே துளை, மூன்று இலக்கணம். எந்த இலக்கணம் என்பதைக் கையேடு ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொல்வதில்லை. முகப்பின் அலுமினியம் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று எழுத இடமிருக்கும் கையேட்டில் இதற்கு இடமில்லை.

இவையெல்லாம் பொழுதுபோக்காளர் சிலரின் கவலை என்று கருதும் ஆய்வாளர்கள் தம் துறையின் ஒலிநாடா அலமாரியைத் திறந்து பார்க்கலாம். களப்பணியில் பதிந்த கேசட்டுகளை வீட்டு டெக்கில் ஓட்டி, மடிக்கணினியில் எண்மமாக்கும் பணி இந்தியா முழுவதும் சத்தமின்றி நடந்துவருகிறது. டெக்குக்கு இரு முள் பிளக், மடிக்கணினியின் சார்ஜருக்கு மூன்று முள், நடுவே ஆர்சிஏயிலிருந்து ஒற்றைக் கடத்தி ஜாக்குக்கு ஒரு கம்பி. அந்த ஜாக் ஒலி இடைமுகத்தின் பேலன்ஸ்டு உள்ளீட்டைச் செருகிய கணமே சிங்கிள்-எண்டடு ஆக்கிவிடுகிறது. விளைவு 50 ஹெர்ட்ஸ் உறுமலும் 100, 150, 200 எனத் தொடரும் அதன் சீரிசைகளும். ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் உலவுவது அந்த 100ஐச் சுற்றித்தான். குஜராத்தியின் மூச்சொலி உயிர்களை முதல் இரு சீரிசைகளின் வீச்சு வேறுபாட்டால் அளப்பவர், தம் எண்ணில் எத்தனை பங்கு பேச்சாளருடையது, எத்தனை பங்கு மின்வாரியத்துடையது என்று எப்படிப் பிரிப்பார்? மிசோவின் தாழ்தொனியை வரைபவருக்கும் இதே கேள்வி. பின்னர் வடிகட்டிக்கொள்ளலாம் என்பது வெற்று ஆறுதல். வடிகட்டி 100 ஹெர்ட்ஸை அறுக்கும்போது மின்சாரத்தின் 100, தொண்டையின் 100 என்று பார்த்து அறுப்பதில்லை. பேச்சாளர் மறைந்திருக்கலாம், நாடா அடுத்த முறை ஓடாமற் போகலாம். அந்தப் பதிவில் உறுமல் இனி அம்மொழியின் பகுதி. இத்தனைக்கும் தீர்வு எளிது: மேலே சொன்ன இருகம்பிக் கேபிள், அல்லது பதியும் நேரம் முழுவதும் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மடிக்கணினியை மின்கலத்தில் ஓட்டுவது. எவர் எர்த்தையும் வெட்ட வேண்டியதில்லை.

எதிர்வாதம் ஒன்று நேர்மையானது: "எங்கள் வீட்டில் எர்த்தே சரியில்லை, இல்லாத ஒன்றை வெட்டினால் என்ன?" பல பழைய கட்டடங்களில் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை, சிலவற்றில் நியூட்ரலையே அத்துளையில் முடிந்துவைத்திருக்கிறார்கள், அது இல்லாததைவிடக் கொடியது. ஆனால் இந்த உண்மை நிறுவுவது எர்த் வேண்டும் என்பதை, வெட்டலாம் என்பதையன்று. மின்பணியாளரை அழைத்துச் சோதிப்பது முதல் வேலை. அதன்பின் எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து ஓட்டினால் அவற்றின் எர்த்துகளுக்கிடையேயான வேறுபாடு பெரும்பாலும் தானே சுருங்கும். எத்தனையோ வீடுகளில் உறுமல் அங்கேயே முடிந்துவிடும். கேபிள் தொலைக்காட்சியின் வெளிக்கம்பியைக் கழற்றியதும் உறுமல் நின்றால் குற்றவாளி அந்தக் கம்பியின் உறை; அதற்கெனத் தனி ஐசோலேட்டர் உண்டு. எண்மச் சமிக்ஞையாயின் ஒளியிழை வழி. அதில் செம்பே இல்லை, வளையத்துக்கு வாய்ப்பும் இல்லை. இவை எதுவும் பலிக்காதபோது வாங்கும் முனையில் சமிக்ஞை மின்மாற்றி. அது சமிக்ஞையின் பாதையை வெட்டுகிறது, பாதுகாப்பின் பாதையை விட்டுவிடுகிறது.

வெட்டப்பட்ட கம்பிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் செருகும் மின்கம்பி அதற்கே உரியதன்று. மேசைக் கணினிக்கும், திரைக்கும், பல ரைஸ் குக்கர்களுக்கும் அதே கம்பிதான். விடுதி அறையில் அது கைமாறும். உறுமலை நிறுத்த எர்த் முள் அறுக்கப்பட்ட கம்பி, அறுத்தவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து ஊர் போனபின் அலமாரியின் அடியில் கிடக்கும். அடுத்த ஆண்டு வருபவர் அதை எடுத்து, ஈரக் கையோடு, தண்ணீர் நிரப்பிய உலோகப் பாத்திரம் ஒன்றில் செருகுவார். இரு முள்ளும் சுவரில் பொருந்தும். விளக்கு எரியும். சோறு வேகும்.